எந்தப் பெயரைச் சொன்னாலும் வந்த குழந்தை

சதுப்பு நிலத்தில் மண் கொட்டி மேடாக்கிக் கட்டிய நீலாம்பரி அடுக்குமாடிக் குடியிருப்பில், மழை விட்டிருந்த ஒரு திங்கட்கிழமை மாலை, எந்தத் தாய் எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் டேகேரிலிருந்து ஒரே குழந்தைதான் வந்தது. முதலில் கூப்பிட்டது எதிர்வீட்டு ஷம்ஷாத் அக்கா. ஜன்னலில் குனிந்து "இர்ஃபான்" என்றாள். மஞ்சள் தொப்பி போட்ட ஒரு குழந்தை வந்து அவள் விரலைப் பிடித்துக்கொண்டது. அவளும் ஃபோனைப் பார்த்துக்கொண்டே லிஃப்ட் பக்கம் நடந்தாள். அடுத்தது நான். "அனிலா" என்றேன். அதே குழந்தை, லிஃப்ட் வாசலில் ஷம்ஷாத் அக்காவின் விரலை விட்டுவிட்டு, அதே மஞ்சள் தொப்பியோடு, ஓடாமல் தயங்காமல் என்னிடம் நடந்து வந்தது. எனக்குப் பின்னால் நின்றவள் "தன்யா" என்றாள், அவளிடம் போனது. அவளுக்குப் பின்னால் நின்றவள் "முகில்" என்றாள், அவளிடம் போனது. கூப்பிடக் கூப்பிடப் போய்க்கொண்டே இருந்தது. ஒருவரும் அலறவில்லை, வரிசைகூடக் கலையவில்லை. வேம்பு அக்கா, அவள்தான் டேகேர் ஆயா, விளக்கை அணைத்துக் கதவைப் பூட்டியபோது உள்ளே வேறு குழந்தை எதுவும் இல்லை.

ஏன் அலறவில்லை என்று வெளியாட்கள் கேட்பார்கள். நீலாம்பரியில் வீட்டுக்கு ஒருவராவது மென்பொருள் எழுதுகிறவர்கள், நானும்தான். எங்கள் தொழிலில் எந்தப் பொருளையும் நேரடியாகச் செய்வதில்லை. முதலில் கிளாஸ் என்று ஒன்றை எழுதுவோம், இட்லித் தட்டு மாதிரி. பிறகு அதிலிருந்து வேண்டும்போதெல்லாம் ஆப்ஜெக்ட் எடுப்போம், இட்லி மாதிரி. எப்படி எடுப்பது என்பதில்தான் எங்கள் சண்டையெல்லாம். கேட்கிறவர்களுக்கெல்லாம் புதிது புதிதாக எடுத்துக் கொடுக்கலாம். ஒன்றை எடுத்து அதைப் பார்த்து நகல் எடுக்கலாம். ஒவ்வொரு பாகமாகச் சேர்த்துக் கட்டலாம். அல்லது, எத்தனை பேர் எத்தனை தடவை கேட்டாலும், ஒருமுறை எடுத்த அந்த ஒன்றையே திரும்பத் திரும்ப நீட்டலாம். இந்தக் கடைசி வழிக்கு சிங்கிள்டன் என்று பெயர். டேகேர் செயலியில் குழந்தைகளின் பெயர்கள் இரண்டிரண்டாகப் பதிவாகி, இரண்டு டப்பா பால் கலக்கி, இரண்டு தடவை இருமல் மருந்து கொடுத்துப் பெரிய ரகளையாகிவிட்டிருந்தது. அதனால் எங்கள் சங்கச் செயலாளர் மணிவாசகம் சார் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அதைச் சரிசெய்தார். 'ஒவ்வொரு குழந்தையும் ஒன்றே' என்று எழுத நினைத்து 'குழந்தை ஒன்றே' என்று எழுதிவிட்டார். ஒரு 'ஒவ்வொரு' விட்டுப்போனது. முடித்துவிட்டேன் என்று குழுவில் செய்தி போட்டார், எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். செவ்வாய்க்கிழமையே அந்தச் சொல்லை மறுபடி சேர்த்தும் பார்த்துவிட்டார். செயலி சரியானது, குழந்தை ஒன்றாகவேதான் இருந்தது. அதற்குமேல் காரணத்தை யாரும் தேடவில்லை. மாலையில் ஒரு குழந்தை வந்தது, கூப்பிட்டால் திரும்பியது, சோறு ஊட்டினால் வாயைத் திறந்தது. எங்களைப் போன்றவர்களுக்கு அது போதும். வைத்த பரீட்சையிலெல்லாம் தேறிவிட்ட ஒன்றை நாங்கள் மறுபடி பிரித்துப் பார்ப்பதில்லை.

அதன் முகம் எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மோவாயைப் பார்த்தால் என் மாமியாரின் மோவாய். ஷம்ஷாத் அக்கா பார்த்தால் அவள் தம்பியின் புருவம். ஒவ்வொரு வீடும் ஒரு துண்டு அடையாளத்தை எடுத்துக்கொண்டு திருப்தியாகிவிட்டது. பையனா பெண்ணா என்று கேட்டவர்களிடம் வேம்பு அக்கா, நான்தான் கழுவிவிடறேன், என்கிட்ட கேக்காதீங்க, குழந்தைன்னா குழந்தை, அவ்ளோதான் என்று சொல்லிவிட்டாள்.

புதன்கிழமைக்குள் முறை வைத்துவிட்டார்கள். ஒரு வீட்டில் காலைப் பால், ஒரு வீட்டில் இட்லி, ஒரு வீட்டில் குளியல், இன்னொரு வீட்டில் மதியத் தூக்கம். மாலையில் பால்கனிகளிலிருந்து பெயர்கள் விழுந்துகொண்டே இருக்கும், குழந்தை மாடி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அந்த வாரம் பிறந்தநாள் வந்த வீடுகள் எல்லாம் சேர்ந்து கீழ் ஹாலில் கேக்குகளை வரிசையாக வைத்தன; குழந்தை ஒவ்வொரு மெழுகுவர்த்தியாக ஊதிக்கொண்டே போனது, ஒவ்வொரு பெயருக்கும் தலையாட்டியது. ஒரு வீட்டில் ஐஸ்கிரீம் கொடுத்தார்கள், எல்லா வீட்டிலும் இருமியது. ஒரு தகப்பனார் கார் ஓட்டும்போது சொன்ன ஒரு வார்த்தையை அன்று மாலைக்குள் எல்லா வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் அது தெளிவாகச் சொன்னது. அதற்கும் சிரித்தார்கள். ஒரே ஒரு தடவைதான் பயந்தார்கள். வியாழக்கிழமை இரண்டு தாய்மார்கள் ஒரே நொடியில் கூப்பிட்டுவிட்டார்கள், ஒருத்தி மேலிருந்து, ஒருத்தி கீழிருந்து; குழந்தை படிக்கட்டில் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றுபோனது. கண் சிமிட்டவில்லை, மூச்சு விட்டதா தெரியவில்லை, தூக்கிய கால் தூக்கியபடி. முதலில் நான்தான் கூப்பிட்டேன், இல்லை நான்தான், என்று இரண்டு பேரும் வாதாடிக்கொண்டிருக்க, கடைசியில் மேலே இருந்தவள் அழுதுகொண்டே, நான் கூப்பிடல, கூப்பிடவே இல்ல என்று சொன்ன பிறகுதான் அந்தக் கால் கீழே இறங்கியது. அன்றிலிருந்து டேகேரின் பித்தளைச் சாவி யார் கையில் இருக்கிறதோ அவர்கள் மட்டும்தான் கூப்பிடலாம் என்று விதி வந்தது. சாவி வீடு வீடாகப் போனது. ஒரு வாரத்துக்குள், இதற்கு முன்னால் எப்படி வீட்டுக்கு வீடு ஒரு குழந்தையை வைத்துச் சமாளித்தோம் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் தூத்துக்குடியில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்தவள். அங்கே காலையில் சிஸ்டர் பெயர் வாசிக்கும்போது எழுந்து நின்று பிரசன்ட் சிஸ்டர் என்று சொல்லாவிட்டால், பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் நீ இல்லாதவள்தான். ஒரு நாள் தொண்டை கட்டி எனக்குக் குரல் எழும்பவில்லை. அன்று முழுக்க நான் வகுப்பில் இல்லை. என் கணக்கை யாரும் திருத்தவில்லை, விளையாட்டில் யாரும் என்னைத் தொடவில்லை, மதியம் எனக்குத் தட்டு வைக்கவில்லை. பெயருக்குப் பதில் சொல்ல முடியாதவர்கள் போகிற அந்த இடத்தை நான் பார்த்திருக்கிறேன். இப்போது டேகேர் மிஸ் பெயர் வாசித்தால் இந்த ஒரே குழந்தை ஒவ்வொரு பெயருக்கும் எழுந்து நின்று பிரசன்ட் மிஸ் என்கிறது. அப்படியென்றால் அந்தப் பெயருக்கு உரியவர்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்?

என் மகளுக்குப் பதிவில் அனிலா என்று பெயர். வீட்டில் மூட்டை. தரையில் நடப்பதைவிட என் முதுகில் உப்பு மூட்டையாகத் தொங்குவதுதான் அவளுக்கு நடை. நான் அரிசி களைந்தாலும், குனிந்து துணி எடுத்தாலும், முதுகில் பொத்தென்று வந்து விழுவாள். அந்தக் குழந்தை எங்கள் முறைக்கு வந்தபோது நான் குனிந்து பார்த்தேன். அது என் பக்கத்தில் வந்து நின்று, என் முகத்தைப் பார்த்து, அழகாகச் சிரித்தது.

ஷம்ஷாத் அக்காவிடம் சொன்னேன். அவள் இர்ஃபான் கடிக்கிறவன். டேகேரில் அவனுக்கு புல்லட் என்று பெயர். அவன் கடிக்காத கை நீலாம்பரியில் இல்லை. தினம் யாராவது ஒருத்தி வந்து கதவைத் தட்டிச் சட்டைக்கையைத் தூக்கிக் காட்டுவாள்.

"ஜெசி, ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காத" என்றாள் ஷம்ஷாத் அக்கா. "இது கடிக்கிறதில்லடி. நாலு வருஷத்துல முதல் தடவையா என் கதவை யாரும் தட்டல."

சொல்லிவிட்டு அவள் தன் இடது மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். அங்கே அவன் கடித்த பல்வரிசை, பிறை மாதிரி, எப்போதும் இருக்கும். அது மங்கிக்கொண்டு வந்ததை அன்றைக்கு இரண்டு பேரும் பார்த்தோம்.

என்னை உண்மையில் உலுக்கியது என் கணவர் ரெக்ஸ்தான். வெள்ளிக்கிழமை வேலையிலிருந்து வந்து ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே, "குழந்தை சாப்பிட்டுச்சா?" என்று கேட்டார். ஊரில் எல்லாரும் அப்படித்தான் கேட்பார்கள், குழந்தையை அது இது என்பது நம் பேச்சில் பிரியம்தான். ஆனால் ரெக்ஸ் அப்படிக் கேட்டதே இல்லை. மூட்டை சாப்பிட்டாளா, மூட்டை தூங்கிட்டாளா, அவ என் செருப்பை எங்க ஒளிச்சு வெச்சிருக்கா, என்றுதான் கேட்பார். எந்தக் குழந்தை என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, உனக்குத் தூக்கம் போதல ஜெசி என்றார். அவரை மூட்டை என்று ஒருமுறை சொல்லச் சொன்னேன். என்ன மூட்டை என்றார். நம் மகளைச் சொல்கிறேன் என்றதும் ஓ என்று நெற்றியைத் தேய்த்தார், வாய் அந்தச் சொல்லைத் தேடுவது தெரிந்தது.

எங்கள் தொழிலில், எந்தப் பெயரும் சுட்டாத பொருளை வைத்திருக்க மாட்டார்கள். பின்னால் ஒரு பெருக்குகிறவன் ஓசையில்லாமல் வந்துகொண்டே இருப்பான். இதை யாராவது பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பான். யாரும் இல்லையென்றால் கூட்டித் தள்ளிவிடுவான். எப்போது வருவான் என்று அவனை எழுதியவனுக்கே தெரியாது. அந்த வாரம் அவன் நீலாம்பரியில் வேலையை ஆரம்பித்துவிட்டான். ஹால் சுவரில் மூட்டை மெழுகுபென்சிலால் கிறுக்கிய கோடுகள் கீழிருந்து மேலாக வெளுத்தன. கட்டிலுக்கடியில் கிடந்த ஒற்றைச் செருப்பு இல்லை. தலையணையில் இருந்த எண்ணெய்க் கறை இல்லை. பக்கத்து வீடுகளிலும் அப்படித்தான், வீடு எவ்வளவு சுத்தமாக இருக்கிறது பாருங்கள் என்று அவர்கள் சந்தோஷப்பட்டார்கள்.

சனிக்கிழமை சங்கக் கூட்டம். மணிவாசகம் சார் கெட்டவர் இல்லை. யாரிடமும் குரல் உயர்த்தாதவர். அவர் மகள் தன்யாவும் காணாமல் போனவள்தான், ஆனால் அவர் காணாமல் என்ற சொல்லைப் பயன்படுத்துவதில்லை. முறை வைப்பதில் சிலருக்கு வருத்தம் இருப்பதாகவும், அதற்குத் தீர்வு கண்டுவிட்டதாகவும் சொன்னார். ஞாயிறு மாலை குழந்தையை டேகேரில் நிற்கவைத்து வீட்டுக்கு ஒரு நகல் எடுத்துவிடலாம்; ஒவ்வொரு நகலுக்கும் அந்தந்த வீட்டுப் பெயரை வைத்துவிடலாம்; சாவியும் வேண்டாம், வரிசையும் வேண்டாம். புரோட்டோடைப் என்று எங்கள் தொழிலில் இதற்குப் பெயர். ஹால் முழுக்கக் கைதட்டியது.

பதிவில் மூட்டையைச் சுட்டிக்கொண்டிருந்தது அனிலா என்ற அந்தப் பெயர் ஒன்றுதான். அதையும் ஒரு நகலுக்குக் கொடுத்துவிட்டால், அவள் எங்கே உட்கார்ந்திருந்தாலும் அவளைச் சுட்ட ஒன்றும் மிச்சமிருக்காது. பெருக்குகிறவனுக்கு அது போதும். எழுந்து நின்றேன். நகல் எடுத்தால் மேலே மட்டும்தான் தனித்தனியாக இருக்கும், உள்ளே எல்லாவற்றுக்கும் ஒரே இதயம்தான் இருக்கும், ஒன்று விழுந்தால் எல்லா வீட்டிலும் முழங்கால் சிராயும் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"டீப் காப்பியே எடுத்துடலாம் மேடம்" என்றார். "உள்ள இருக்கிறதையும் சேர்த்து, தனித்தனியா."

"எதோட உள்ள இருக்கிறதை சார்? அதுக்குள்ள என் பொண்ணு இல்லையே."

பின்வரிசையிலிருந்து ஒருவர், அதுக்குள்ள யாரோட பொண்ணும் இல்ல, பையனும் இல்ல, அதனாலதானே ஒரு வாரமா நிம்மதியா இருக்கோம் என்றார். பெரிய சிரிப்பு. வேறு வழி என்ன என்று மணிவாசகம் சார் கேட்டார். பில்டர் என்றேன். பெயரைச் சொல்லிக் கேட்கக் கூடாது, பெயரைச் சொன்னால் இதுதான் வரும்; ஒவ்வொரு பாகமாகச் சொல்லிச் சொல்லிக் கட்ட வேண்டும், எல்லாம் சேர்ந்த பிறகு கடைசியாக ஒரு சொல் சொல்லி முடிக்க வேண்டும். அதுக்குப் பத்து மாசம் ஆகுமே மேடம் என்றது அதே பின்வரிசை. மறுபடி சிரிப்பு. ரெக்ஸும் சிரித்ததை நான் பார்த்தேன்.

மணிவாசகம் சார் மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நாளைக்குச் சாயங்காலம் காப்பி எடுக்கிறோம்" என்றார். "அதுக்குள்ள ஒரே ஒரு வீட்டுக் குழந்தை வந்துட்டாலும் நிறுத்திடறேன் மேடம்."

ஞாயிறு மதியம், மணிவாசகம் சார் திறந்துவிட்டு வெளியே பூட்டிக்கொண்டு போன டேகேருக்குள் நானும் ஷம்ஷாத் அக்காவும் மட்டும். அவள் ஏன் வந்தாள் என்று சொல்லவில்லை. மணிக்கட்டை மட்டும் துப்பட்டாவால் சுற்றியிருந்தாள். மூலையில் மஞ்சள் தொப்பிக் குழந்தை பிளாஸ்டிக் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தது. நான் அதற்கு முதுகைக் காட்டி, உப்பு மூட்டைக்குக் குந்துவதுபோலத் தரையில் குந்தினேன். கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தேன். தெளிவாகப் பேசுவாள். ரைம்ஸ் எல்லாம் சொல்வாள். நிறங்கள் தெரியும். எல்லோரிடமும் அன்பாகப் பழகுவாள்.

தோளில் ஒரு கை விழுந்தது. திரும்பினேன். மஞ்சள் தொப்பி, அழகான சிரிப்பு.

"நீ என்னடி எல்கேஜி இன்டர்வியூக்கு வந்தவ மாதிரி சொல்ற?" என்றாள் ஷம்ஷாத் அக்கா. "அப்படிச் சொன்னா இதுதான் வரும். உன் பிள்ளையைப் பத்தி என்கிட்ட தினம் புலம்புவியே, அதைச் சொல்லு."

குழந்தையை மறுபடி மூலையில் உட்காரவைத்தாள். நான் மறுபடி குந்தினேன். இந்த முறை பாதத்திலிருந்து ஆரம்பித்தேன், மாதா கோயிலில் மன்றாட்டு மாலை சொல்வதுபோல, ஏனென்றால் நெஞ்சில் பயம் நிற்கும்போது எனக்கு வேறு ராகம் வராது. ஒவ்வொன்றுக்கும் ஷம்ஷாத் அக்கா ஆமா என்று பதில் சொன்னாள்.

செருப்பை எப்போதும் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு, சரியாத்தான் போட்டிருக்கேன் என்று சண்டை போடுகிறவள். ஆமா. சோற்றை உருண்டையாகக் கன்னத்தில் ஒளித்துவைத்துக்கொண்டு அப்படியே தூங்கிவிடுகிறவள். ஆமா. பொய் சொல்லும்போது இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொள்கிறவள், அப்படி மூடினால் எனக்குத் தெரியாது என்று நம்புகிறவள். ஆமா. கொசுவை சொகு என்கிறவள், திருத்தினால் அடிக்கிறவள். ஆமா. என் அம்மா ஊரிலிருந்து அனுப்பும் முந்திரி மக்ரூனின் கூர் நுனியை மட்டும் கடித்துவிட்டு அடியைத் திரும்ப டப்பாவில் வைக்கிறவள். ஆமா. அப்பா ஹெல்மெட்டைக் கழற்றும்வரை அவரை யாரோ என்று நினைத்து அலறுகிறவள், கழற்றியதும் ஏன் லேட்டு என்று அதட்டுகிறவள். ஆமா, ஆமா. காய்ச்சல் வந்தால் மட்டும் அமைதியாகிறவள், அதனால் அவள் அமைதியாக இருந்தாலே என்னை நடுங்கவைக்கிறவள். ஆமாடி.

முதுகுக்குப் பின்னால் காற்று கனத்தது. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒளிந்திருக்கும்போது அறை எப்படி இருக்குமோ அப்படி. கழுத்துவரை வந்துவிட்டேன், மோவாய், மூக்கு. காதுக்கு வந்ததும் நின்றுபோனேன். காது குத்தியபோது ஒரு காதில் மட்டும் சீழ் வைத்து, தோட்டைக் கழற்றி, ஓட்டை தூர்ந்துபோனது. எந்தக் காது? வலதா, இடதா? நான்தான் மருந்து போட்டேன், தினம் நான்தான் போட்டேன், கையைத் தூக்கிப் பார்க்கிறேன், எந்தப் பக்கம் போனது என்று கைக்குத் தெரியவில்லை. பெருக்குகிறவன் அதைக் கூட்டிக்கொண்டு போயிருந்தான்.

வெளியே காலடிச் சத்தம் கேட்டது. மணிவாசகம் சார் ஆட்களோடு வந்துகொண்டிருந்தார். சாவி கதவில் உரசியது.

"இடதுன்னு சொல்லிடு" என்றாள் ஷம்ஷாத் அக்கா. "பாதிக்குப் பாதி சரியா இருக்கும்."

"தப்பாப் போச்சுன்னா வேற ஒருத்தி வருவாக்கா. மத்ததெல்லாம் சரியா இருக்கும். அவளை நான் தினம் குளிப்பாட்டணும்."

கதவு திறந்தது. நான் திரும்பவில்லை. எனக்குத் தெரியாததைச் சொல்லக் கூடாது, சொல்லாமலும் விடக் கூடாது. "ஒரு காது தூர்ந்தவள்" என்றேன். "எந்தக் காது என்று அவளுக்குத் தெரியும்."

ஷம்ஷாத் அக்கா ஆமா சொல்லும்வரை காத்திருக்க எனக்குத் தைரியமில்லை. கைகளைப் பின்னால் நீட்டி முடிக்கிற சொல்லைச் சொன்னேன். "ஏறு, மூட்டை."

முதலில் ஒன்றுமில்லை. என் கைகள் காலியாக நீண்டிருந்தன, வாசலில் யாரோ இருமினார்கள். பிறகு பொத்தென்று விழுந்தது. நான் முன்னால் சாய்ந்து ஒரு கையைத் தரையில் ஊன்ற வேண்டியதாயிற்று, அவ்வளவு கனம். ஒரு வாரத்தில் கூடிய கனமும் அதில் இருந்தது. கழுத்தைச் சுற்றி இரண்டு கைகள், ஒன்று இறுக்கமாக, ஒன்று என் ஜடையைப் பிடித்து இழுத்தபடி. எழுந்து நின்றேன். திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. உப்பு மூட்டை தூக்கியவர்களுக்கு மூட்டையின் முகம் தெரியாது. நான் சொன்னதையெல்லாம் சேர்த்துக் கட்டிய ஒன்றாக இருந்தால்? சொன்னது மட்டும்தான் அதில் இருந்தால்? முதுகில் தொங்கியதன் முழங்காலைப் பிடித்திருந்த என் விரலில் ஏதோ சொரசொரவென்று பட்டது. காய்ந்த பொருக்கு. நான் சொல்லாத ஒன்று. எனக்குத் தெரியவே தெரியாத ஒன்று.

"இது எப்ப பட்டது?" என்று கேட்டேன்.

"நீ ஃபோன் பேசிட்டிருந்தப்ப" என்றது காதுக்குள் ஒரு கோபக் குரல்.

மணிவாசகம் சார் வாசலிலேயே நின்றுவிட்டார். அவருக்குப் பின்னால் ரெக்ஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, மூட்டை என்றார், தலையில் ஹெல்மெட் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டார். ஷம்ஷாத் அக்கா யாரிடமும் கேட்காமல் என் இடத்தில் குந்தினாள். அவள் சொன்னதையெல்லாம் எழுத முடியாது, பாதி உருதுவிலும் பாதி வசவிலும் இருந்தது. துப்பட்டாவைப் பிரித்து மணிக்கட்டை நீட்டினாள், கடைசிச் சொல்லாக "கடி" என்றாள். அவள் போட்ட கூச்சலில் இரண்டாம் மாடிவரை ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். இரத்தம் வந்த கையை எல்லோருக்கும் காட்டிக்கொண்டு அழுதாள்.

அன்று மாலை முழுக்க டேகேர் தரையில் ஆட்கள் குந்தினார்கள். சிலருக்குச் சுலபமாக வந்தது, சிலர் ஆயாவிடம் ஓடி ஓடிக் கேட்டார்கள். பின்வரிசைக்காரர் தன் மகன் ஓட்டுக்குள் உறங்கும் நத்தையை முழித்துக்கோ என்று அதட்டுவதைச் சொல்லிச் சொல்லி விக்கினார். மணிவாசகம் சார் கடைசிவரை ஓரமாக நின்றார். பிறகு என்னிடம் வந்து, யாருக்கும் கேட்காத குரலில், "தன்யா எந்தக் கையால சாப்பிடுவான்னு உங்களுக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டார். அதுவரை என்னை மேடம் என்று மட்டுமே கூப்பிட்டவர். தெரியாது சார், அது உங்களுக்குத்தான் தெரியணும் என்றேன். அவர் மனைவி வந்து அவருக்குப் பக்கத்தில் குந்தி, ஒவ்வொன்றாக எடுத்துக்கொடுத்தாள். அவர் பள்ளிப் பையன் மாதிரித் திருப்பிச் சொன்னார். தன்யா வந்து அம்மாவின் முதுகில்தான் ஏறினாள். இடது கையில் பாதி தின்ற பிஸ்கெட் இருந்தது.

எல்லாரும் கிளம்பிக்கொண்டிருந்தபோது விளக்கை அணைக்க வேம்பு அக்கா வந்தாள். நான் மூட்டையின் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். மூலையில் மஞ்சள் தொப்பிக் குழந்தை கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தது. தலையைத் தூக்கி ஒவ்வொருவராக வெளியே போவதைப் பார்த்தது. இத்தனை நாள் எந்தப் பெயருக்கும் எழுந்து வந்த அதற்கென்று ஒரு பெயர் இல்லை. இர்ஃபான் என்ற பெயருக்கு இர்ஃபான் இருந்தான், தன்யா என்ற பெயருக்குத் தன்யா. யாரும் அதைக் கூப்பிடவில்லை. கூப்பிட எதுவும் மிச்சமில்லை. தொப்பியின் ஓரம் லேசாக வெளுத்திருந்ததை நான் பார்த்தேன், எங்கள் ஹால் சுவரில் கோடுகள் வெளுத்ததுபோல, கீழிருந்து மேலாக.

"அம்மா" என்றாள் மூட்டை முதுகிலிருந்து. "அதை யாரு கூப்பிடுவா?"

நான் பதில் சொல்லுமுன் அவளே கையை நீட்டி, "வா" என்றாள். அது வந்தது. ஓடாமல் தயங்காமல்.

இப்போது இரண்டு பேரும் உள்ளறையில் தூங்குகிறார்கள். ரெக்ஸும் நானும் ராத்திரி வெகுநேரம் பெயர் யோசித்தோம். எந்தப் பெயரைச் சொன்னாலும் அது தலையாட்டுகிறது, எல்லாமே வேறு யாருடையதோ. அதற்கு மட்டுமேயான ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும், அதற்குப் பழக வேண்டும், அது எப்படிப் பொய் சொல்லும், எதை ஒளித்துவைக்கும், எதற்கு அழும் என்று தெரிய வேண்டும், நாளாகும். அதுவரை பெருக்குகிறவன் காத்திருக்க மாட்டான். ஹாலில் அவன் துடைப்பத்தின் சத்தம் கேட்கிறதோ என்று எழுதுவதை நிறுத்தி நிறுத்திக் கேட்கிறேன். ரெக்ஸ் மூட்டையை அதுவாக்கிக் கேட்டபோது என்னை உலுக்கிய அந்த 'அது'வைத்தான் இப்போது நானே பிடித்துக்கொண்டிருக்கிறேன், வேறு சொல் கையில் இல்லை. அது மூட்டையின் போர்வையில் பாதியை இழுத்துக்கொண்டது. அது தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறது. அது இருக்கிறது. எங்கள் வீட்டில், மூட்டைக்கு இடது பக்கத்தில், இருக்கிறது.